பத்து நாள் பள்ளம்

தூரத்தில் வேலை பார்க்கிற கணவனிடமிருந்து மனைவிக்கு என்னென்னவோ வரும். அவளுக்கு வந்தவை எண்கள். தினமும் காலை எட்டே முக்காலுக்கு, தோள்பையைக்கூடக் கழற்றாமல், கணினியைத் திறந்து ஏழாவது கிளையின் அட்டவணையைத்தான் முதலில் பார்ப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் டீ, பக்கத்து மேஜைக்காரிக்கு ஒரு சிரிப்பு, மற்ற கிளைகள் எல்லாம்.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஏழு ஊர்களில் கிளைகள். எந்த மெக்கானிக் எந்த நாளில் எத்தனை பழுதுகளைப் பார்த்தார், கடைசி வேலையை எத்தனை மணிக்கு முடித்தார் என்று கிளைகளிலிருந்து வந்து விழும் விவரத்தை ஒழுங்குபடுத்தி மேலே அனுப்புவது அவள் வேலை. வரிசைக்கு ஒரு மெக்கானிக், கட்டத்துக்கு ஒரு நாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘அட்டவணை அக்கா’ என்று பெயர். கிராஃப் என்றால் அவளுக்கு ஆகாது. “அதுல ஒரு நாளைத் தேடினா கிடைக்குமா? எல்லாத்தையும் போட்டு வழிச்சுவிட்ட மாதிரி இருக்கும்” என்பாள்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவள் கணவன் ஏழாவது கிளையில் மெக்கானிக். இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று அனுப்பினார்கள், பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ரயிலில் போனால் இருபது மணி நேரம். ஏழாவது மாதத்தில் ஒரே ஒருமுறை பத்து நாள் விடுப்பில் வந்து, சமையலறைக் குழாயைச் சரிசெய்து, நடைவாசல் கதவின் கிறீச்சை நிறுத்தி, தூங்கி, சாப்பிட்டு, போய்விட்டான். போனில் பேசுகிற ஆளும் இல்லை. “சாப்பிட்டியா?” என்பான். “சாப்பிட்டேன், நீங்க?” என்பாள். “ஆச்சு” என்பான். பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். இவ்வளவு பேசியே நான்கு நிமிடம் எப்படி ஓடுகிறது என்பது அவளுக்கே புரிந்ததில்லை.

ஆகவே அட்டவணைதான் பேசியது. மூன்றாவது வரிசை அவன். நேற்று ஐந்து பழுது, ஆறரைக்கு முடித்திருக்கிறான். நேற்று இரண்டுதான், உடம்புக்கு என்ன? அன்று மாலை, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பாள். “யார் சொன்னது? நல்லாத்தானே இருக்கேன்” என்பான். மறைக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஐந்து, இரண்டு, நான்கை வைத்துக்கொண்டு அவன் எப்போது சிரமப்பட்டான், எப்போது சோம்பினான் என்று அவளால் ஒரு மாதத்தையே சொல்ல முடியும். ஏக்கத்தில் இருக்கிறவளுக்குக் கையில் எது அகப்பட்டாலும் போதும்.

ஆனால் அதே வரிசையில் அவளைக் குத்துகிற இரண்டு விஷயமும் இருந்தன. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றாவது வரிசையில் ஞாயிறு எல்லாம் பூஜ்யம். முழுநாள் ஓய்வு. அப்படியிருந்தும் ஞாயிறு அன்றும் அதே நான்கு நிமிடம்தான் பேசுவான். இரண்டாவது, அவர்கள் கல்யாண நாள். அன்று மூன்று மணிக்கே வேலையை முடித்திருக்கிறான். அவளைக் கூப்பிட்டது எட்டு மணிக்கு. “ஓயாத வேலை” என்றான். மூன்றிலிருந்து எட்டு வரை ஐந்து மணி நேரம் எங்கே போனான்? கேட்டிருக்கலாம். கேட்டால் எப்படித் தெரியும் என்பான், தினமும் உங்களைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும். வெட்கம். கேட்காமல் விழுங்கிவிட்டாள். விழுங்கியது உள்ளே அப்படியே இருந்தது.

அன்று புது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

“ஏழாவது கிளையில அஞ்சு மெக்கானிக் இருக்காங்க. நாலு பேரே போதும்னு மேல நினைக்கிறாங்க. யாருக்கு வேலை குறைச்சலா இருக்கோ அவரை இங்க தலைமை ஆபீசுக்கே கூப்பிட்டுக்கலாம். வர்ற வெள்ளிக்கிழமை டைரக்டருங்க முன்னாடி வைக்கணும். ஒரே ஒரு பக்கம், பார்த்ததும் தெரியணும்.”

“அட்டவணையா போட்டுக் கொடுத்துடறேன் சார்.”

“ஐயோ, வேண்டாம்மா. பதினாலு மாசத்து எண்ணை யார் படிப்பா? எந்த ஒரு எண்ணைத் தேடணும்னாலும் அட்டவணை நல்லதுதான், ஒத்துக்கறேன். இவங்க தேடப் போறதில்ல. அஞ்சு பேர்ல யாரு கீழ இருக்காங்கன்னு கண்ணுல படணும். கிராஃபா போடுங்க.”

வேறு நாளாக இருந்தால் வாதாடியிருப்பாள். அன்று “சரி சார்” என்றாள். ஐந்து பேரில் குறைச்சல் யாருக்கு என்று கணினியைத் திறக்காமலே அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரிசைக்குத்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூஜ்யம் போட்டவன் வேறு யார்? அத்தனை நாள் அவளைக் குத்திய அதே பூஜ்யங்கள் இப்போது அவனை வீட்டுக்குக் கூட்டிவரப் போகின்றன. பொய் சொல்ல வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம். உள்ளதை உள்ளபடி வரைந்தால் போதும். படிக்கட்டில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவனின் தங்கை. கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்து லென்ஸ் எழுதிக் கொடுப்பாள். அண்ணன் போன பிறகு அண்ணிக்குத் துணையாக வந்து, துணையோடு சேர்த்து அலமாரியில் பாதியையும் பிடித்துக்கொண்டவள்.

“அப்ப அண்ணன் வருதா? நிஜமாவா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. அவர்கிட்டயும் சொல்லாதே.”

“நான் ஏன் சொல்றேன்? எனக்கு இப்ப அலமாரியைக் காலி பண்ற கவலை” என்று சொல்லிவிட்டு, அப்போதே தன் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். “அண்ணி, உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க. கல்யாணப் பொண்ணு தோத்துடும்.”

அவள் பார்க்கவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த அவனுடைய செருப்பை எடுத்துத் துடைத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, அவசரமோ என்று தோன்ற, மறுபடியும் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளினாள்.

மறுநாள் காலை வேலையில் உட்கார்ந்தாள். முதலில் வட்டப்படம் போட்டுப் பார்த்தாள். வட்டத்தை ஐந்து துண்டாக வெட்டியதில் ஒரு துண்டைத் தவிர மற்றவை ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிந்தன. எது சின்னது என்று பார்க்க நாத்தனார் கடைக்குத்தான் போக வேண்டும். அடுத்தது ஐந்து பட்டைகள். மூன்றாவது பட்டை குட்டையாக நின்றது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டைரக்டர்களில் ஒருவர், “ஏதோ ஒரு மாசம் படுத்திருப்பான், அதனால குறைஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டால்? பதினான்கு மாதமும் தொடர்ந்து குறைவு என்று காட்ட வேண்டும். அதற்குக் கோடுதான் சரி. வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்து ஐந்து கோடுகளை இழுத்தாள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிக்கெடுக்காத தலைமுடி போல ஆகிவிட்டது. ஐந்தையும் பிரித்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்து சின்ன கிராஃப், ஐந்துக்கும் ஒரே அளவுகோல், இடது ஓரத்தில் பெயர் என்று வைத்தாள். அடடா என்று இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிராஃபைப் பார்த்து அடடா என்று நினைத்தாள்.

அவனுடைய கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பாவம், தாழ்வாக, சீராக ஓடியது. அவன் அந்த ஊருக்குப் போன வாரம், முதல் மாதம், மூன்றாவது மாதம், ஏழாவது மாதம். ஏழாவது மாதத்தில் விரல் நின்றது.

ஏழாவது மாதம் அவன் இங்கே இருந்தான். பத்து நாள். குழாயைச் சரிசெய்தான். அந்தப் பத்து நாளில் இந்தக் கோடு இருபது மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் வாரம் இருபது லிஃப்ட் பார்த்துக்கொண்டு, ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்து நாள் அவளும் விடுப்பு போட்டிருந்தாள், அட்டவணையைத் திறந்தே பார்க்கவில்லை. ஆளே வீட்டில் இருக்கும்போது எண் எதற்கு? விடுப்பு முடிந்து வந்து மொத்தமாக ஒட்டியதோடு சரி. பதினான்கு மாதத்தில் அவள் படிக்காத நாட்கள் அவை மட்டும்தான்.

கண் மெல்லக் கீழே இறங்கியது. நான்காவது கோட்டில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது கோடு மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, ஏழாவது மாதத்தில் செங்குத்தாக விழுந்து அடியைத் தொட்டு, பிறகு ஏறியது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளையிலிருந்து வருவது வெறும் எண்கள், மெக்கானிக்குக்கு ஒரு வரிசை எண் மட்டும். பெயர்ப் பட்டியல் முதல் மாதம் தனியாக வந்தது. அவள் அதைப் பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டியவள் சும்மா இருக்கக் கூடாதா? பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் அழகாக இருக்கும் என்று அடுக்கினாள். பெயர்கள் இடம் மாறின. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. முதல் வாரம் வேலைக்கு வந்த புதுப் பெண் செய்கிற தப்பு. அதை அட்டவணை அக்கா செய்து, தினமும் அந்தப் பெயர்களுக்கு நேராகவே எண்களை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மேலே போனதெல்லாம் கிளையின் மொத்தம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

பதினான்கு மாதம் யாரோ ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்று கவலைப்பட்டிருக்கிறாள். யாரோ ஒருவனின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோபித்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. 

அட்டவணையைத் திறந்தாள். ஐந்தாவது வரிசை. இத்தனை நாளாகக் கண்ணெதிரில் இருந்த வரிசை, மூன்றாவதிலிருந்து இரண்டே விரல் கீழே. ஞாயிறு, ஏழு. ஞாயிறு, ஒன்பது. ஞாயிறு, ஆறு. பூஜ்யம் என்பதே அந்தப் பத்து நாளைத் தவிர வேறு எங்கும் இல்லை. பதினோராவது மாதத்தில் மட்டும் மூன்று நாட்கள் ஒன்று, ஒன்று, இரண்டு என்று இருந்தது. அந்த வாரம் அவளுக்கு நினைவிருந்தது. “என்கிட்ட பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க” என்று போனை வைத்த வாரம். அவன் காய்ச்சலில் கிடந்திருக்கிறான், அந்த நிலையிலும் ஒன்றிரண்டு பழுது பார்த்திருக்கிறான்.

கல்யாண நாளைக் கடைசியாகத்தான் பார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது. பதினொரு பழுது. கடைசி வேலை முடிந்த நேரம் ஏழு ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்குக் கூப்பிட்டான். லிஃப்ட் கதவை மூடிய கையைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மாலை நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனார் முதலில், “கடைக்கு வாங்க அண்ணி, ஒரு நல்ல லென்ஸ் எழுதித் தர்றேன்” என்றாள். அண்ணி சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சரி, இது இப்ப யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான்.”

“பேரை அப்படியே விட்டுட்டா?”

“மூணாவது கோட்டுக்கு நேரா அவர் பேர் இருக்கும். குறைச்சலா வேலை பார்த்தவர் அவர்னு கூப்பிட்டுக்குவாங்க. கிளையில கேள்வி கேட்டாலும், தலைமை ஆபீஸ் சொன்னா சொன்னதுதான்.”

“அப்ப விட்டுடுங்க அண்ணி. யார் குடி முழுகிடப் போகுது?”

காலியாகிக் கிடந்த பாதி அலமாரி திறந்தபடியே இருந்தது. அவளுக்கு அவன் வேண்டும். நாளைக்கே வேண்டும். கதவு கிறீச்சிடாமல் திறந்து, “சாப்பிட்டியா?” என்று அந்த ஒரே கேள்வியை நேரில் கேட்க வேண்டும். வெட்கமில்லாமல் சொன்னால், அதற்காக ஒரு பொய்யைச் செய்ய அவள் தயாராகத்தான் இருந்தாள்.

நாத்தனார்தான் எழுந்து போய் அலமாரியை மூடினாள். “அண்ணன் வந்ததும் கேக்கும் அண்ணி. ‘என்னை ஏன் கூப்பிட்டாங்க?’ன்னு. உனக்குத்தான் வேலை குறைச்சல்னு யாராவது சொல்வாங்க. அதுக்கு அது தாங்குமா? சின்ன வயசுல சைக்கிள் ரிப்பேரை நான் குறை சொன்னதுக்கே ரெண்டு நாள் சாப்பிடல.”

எட்டு மணிக்குப் போன் வந்தது.

“சாப்பிட்டியா?”

“அதை விடுங்க. ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?”

மூச்சுச் சத்தம். “ஏன்?”

“சொல்லுங்களேன்.”

“வேலைக்குத்தான் போறேன்.”

“ரெஸ்டான்னு கேட்டப்பல்லாம் ‘ம்ம்’னீங்களே?”

“நீ சந்தோஷமா கேட்ட. ரெஸ்டுன்னே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “ரூம்ல உக்காந்தா வீடு ஞாபகம் வந்துடுது. சுவரைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு கூப்பிட்டா தேவலை.”

பதினான்கு மாதத்தில் அவன் தொடர்ந்து பேசியதில் இதுதான் நீளம். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“உங்க கிளையில ஞாயித்துக்கிழமை வராதவர் யாரு?”

“புலம்பல் மன்னன். முதுகுவலி அவனுக்கு. ஊருக்குப் போகணும் ஊருக்குப் போகணும்னு என் உயிரை எடுப்பான். அவன் ஞாயிறையும் சேர்த்துத்தான் நான் பாக்கறேன். உனக்கு எப்படி அவனைத் தெரியும்?”

“தெரியும்” என்றாள். “ரொம்ப நாளா தெரியும்.”

“என்ன உளர்றே?”

“கல்யாண நாள்ல எட்டு மணிக்குக் கூப்பிட்டீங்கல்ல?”

“லேட்டுதான். ஓயாத வேலை அன்னிக்கு.”

“லேட் இல்ல” என்றாள். “அதைச் சொல்லத்தான் கேட்டேன்.”

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெயர்களை அவற்றின் இடத்தில் வைத்தாள். மூன்றாவது கோட்டுக்கு நேராகப் புலம்பல் மன்னனின் பெயர் வந்தது. ஐந்தாவது கோட்டுக்கு நேராக, எல்லாவற்றையும்விட உயரமாக ஓடிய கோட்டுக்கு நேராக, அவன் பெயர். பார்த்ததும் தெரிந்தது. கிளை யாரை அனுப்பலாம், யாரை விடவே முடியாது என்று யாருக்கும் ஒரு நொடியில் தெரியும். இவ்வளவு நல்ல கிராஃபை அவள் வாழ்க்கையில் போட்டதில்லை. அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

“பிரமாதம்! பாருங்க, அட்டவணையில இது தெரியுமா?” மேனேஜர் மூன்றாவது கோட்டில் பேனாவை வைத்தார். “இவரைக் கூப்பிட்டுக்கலாம், சந்தேகமே இல்ல. இந்த அஞ்சாவது ஆள் இருக்காரே, இவர்தான் கிளையையே தூக்கி நிறுத்தறார். இவரை நகத்தவே கூடாது.” பிறகு பேனா ஓரிடத்தில் நின்றது. “இது என்ன நடுவுல பள்ளம்? டேட்டா விட்டுப்போச்சா?”

“இல்ல சார்.”

“அசிங்கமா இருக்கு. டைரக்டருங்க இதையே பிடிச்சுக்கிட்டுக் கேள்வி கேப்பாங்க. அந்த ரெண்டு வாரத்துக்கும் சராசரியைப் போட்டு நிரப்பிடுங்க.”

“நிரப்ப மாட்டேன் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அட்டவணை அக்கா இதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை.

“அது விட்டுப்போன நாள் இல்ல. அந்தப் பத்து நாள் அவர் வீட்ல இருந்தார்.”

“யார் வீட்ல?”

“எங்க வீட்ல.”

மேனேஜர் தாளைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்தப் பக்கத்தைத் தயாரித்தவள் யார், இதனால் யார் திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இருக்கட்டும்மா” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் பள்ளத்தோடேயே போனது. திங்கட்கிழமை புலம்பல் மன்னனுக்கு உத்தரவு கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. அவள் பையைக் கழற்றாமல் கணினியைத் திறந்து, ஐந்தாவது வரிசையில் முந்தின நாளைப் பார்த்தாள். ஞாயிறு, எட்டு. இனி அந்த ஊரில் நான்கு பேர்தான், எட்டு பத்தாகும்.

இரண்டு வருடத்தில் பத்து மாதம் மீதி இருந்தது. அட்டவணையில் பத்து மாதத்துக்கான கட்டங்களை முன்கூட்டியே வரைந்து காலியாக விட்டாள். அதற்கும் அடுத்த மாதத்தை வரைந்தாள். அதில் ஐந்தாவது வரிசையில் மட்டும், முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை, ஒவ்வொரு கட்டமாகப் போய் ஒரு பூஜ்யம் போட்டாள்.